70-ஆ 140-ஆ? டெம்போவ டபுள் பண்ணி பீட் போடுறதுல நான் பட்ட பாடு

ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு ரெண்டு தடவ முதல் வரியை ஆரம்பிச்சு ரெண்டு தடவயும் பாதியிலயே நிறுத்திட்டான் பாட வந்த தம்பி. "அண்ணா, பாட்டு மெதுவாத்தானே போகுது, இந்த டிக் டிக் மட்டும் ஏன் பின்னாடி நாய் தொரத்துற மாதிரி அடிக்குது?"ன்னான். அப்பதான் எனக்கே உறைச்சுது, பாட்டோட வேகம் நிமிஷத்துக்கு 70 தட்டு (70 பிபிஎம்), ஆனா கம்ப்யூட்டர்ல ப்ராஜெக்ட்ல நான் வச்சிருக்கறது 140. மூணு வாரமா அந்த பீட்டு கூடவே குடும்பம் நடத்திட்டு இருந்ததால 140-ங்கற நம்பர் என் கண்ணுக்கு பழகிப்போச்சு, அவன் காதுக்கு பழகல, அவ்ளோதான் விஷயம்.

டெம்போவ டபுள் பண்ணி பீட் போடுறது ஒண்ணும் புது வித்தை இல்ல, பீட் போடுற பாதி பேர் இதத்தான் பண்றாங்க, நிறைய பேருக்கு தான் அதப் பண்றோம்னே தெரியாது. ட்ராப் (ஹிப்-ஹாப்ல ஒரு வகை) பீட்டுன்னா 140-ல வைன்னு யாரோ சொல்லியிருப்பாங்க, வச்சிருப்பாங்க. எஃப்எல் ஸ்டூடியோங்கற பீட் போடுற சாஃப்ட்வேரோட பழைய வெர்ஷன்கள்ல புதுசா ஒரு ப்ராஜெக்ட் திறந்தாலே 140-ல தான் நிக்கும், பின்னாடி தான் 130 ஆச்சு, அதனால ஒரு தலைமுறையே கேள்வி கேக்காம 140-ல ஆரம்பிச்சு பழகிருச்சு. நானும் அந்தக் கூட்டம் தான்.

தெரியாதவங்களுக்காக ஒரே ஒரு பார் (நாலு பீட்) மட்டும் பிரிச்சுக் காட்டிடுறேன். 70 பிபிஎம்ல ஒரு பீட்டுக்கு, அதாவது ஒரு தட்டுக்கு, 857 மில்லிசெகண்ட். அந்த பார 16 கட்டமா (ஸ்டெப்) பிரிச்ச ஒரு வரிசைய எடுத்துக்கோங்க, கிக் (தொம்முன்னு விழற அடி) முதல் ஸ்டெப்ல, ஸ்னேர் (சுளீர்னு விழற அடி) 5-லயும் 13-லயும், இதான் சாதாரண அடி. இதே அடிய 140-ல வச்சா ஒரு பீட்டுக்கு 429 மில்லிசெகண்ட் தான், அப்ப 16 ஸ்டெப்புக்குள்ள பழைய பார்ல பாதி தான் அடங்கும், ஸ்னேர் ஒண்ணே ஒண்ணு, அது 9-வது ஸ்டெப்ல போய் உக்காரும். அடுத்த 16 ஸ்டெப்ல மறுபடி 9-ல ஒரு ஸ்னேர். கேக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான், கண்ணை மூடிக்கிட்டு கேட்டா எது 70 எது 140-ன்னு எவனாலயும் சொல்ல முடியாது. ஸ்னேர் மூணாவது பீட்ல விழுந்தா அத ஹாஃப் டைம்னு சொல்வாங்களே, அது இதான்.

அப்ப எதுக்கு இந்த வம்பு? எல்லாம் ஹை-ஹாட்டுக்காகத்தான், அந்த ட்சிக் ட்சிக் சிம்பலுக்காக. 70-ல ஒரு ஸ்டெப்போட நீளம் 214 மில்லிசெகண்ட், அதுல ஹாட் வச்சா தூங்கி வழியும். ட்ராப்ல அந்த ஹாட் டிரிரிரின்னு உருளுதே, அதுக்கு 107-ம் வேணும், 53-ம் வேணும், நடுவுல ட்ரிப்லட்டும் (ரெண்டு நோட்டு இடத்துல மூணு) வேணும். 70-லயே இருந்தீங்கன்னா ஸ்டெப் கட்டங்கள்ல அதுக்கு இடமே கிடையாது, ஒவ்வொரு ஹாட் ரோலுக்கும் (அந்த உருளலுக்கு) பியானோ ரோல்ங்கற நோட்டு வைக்கற விண்டோவத் திறந்து ஜூம் பண்ணி ஜூம் பண்ணி கண்ணு பூத்துப்போகும். 140-க்கு மாத்துன உடனே ஒரு கட்டம் 107 ஆயிடுது, சாதாரண ஹாட் வரிசை மவுஸ ஒரு இழுப்பு இழுத்தா வந்துரும், ரோலுக்கு மட்டும் உள்ள போனா போதும்.

பழைய மெஷின்கள்ல இதுக்கு இன்னும் அழுத்தமான காரணம் இருந்துச்சு. 1980-ல வந்த ரோலண்ட் 808 ட்ரம் மெஷின்ல வரிசையா 16 பட்டன், அதான் உங்க உலகமே. 1988-ல ரோஜர் லின் டிசைன்ல ஆகாய் கம்பெனி கொண்டுவந்த எம்பிசி 60-ங்கற பீட் மெஷின்ல ஒரு கால் நோட்ட, அதாவது ஒரு பீட்ட, 96 துண்டா வெட்டும். 70 பிபிஎம்ல கணக்குப் போட்டா ஒரு துண்டு கிட்டத்தட்ட 8.9 மில்லிசெகண்ட், அதாவது நீங்க மெஷினோட தட்டுற பேட்ல எவ்ளோ நுணுக்கமா தட்டினாலும் அந்த 8.9-ங்கற பல்லுல தான் போய் மாட்டும். டெம்போவ 140 ஆக்குனா அதே துண்டு 4.5 ஆயிடும். மெஷினுக்கு ஒரு பைசா செலவு இல்லாம நுணுக்கம் டபுள். கையால தட்டி, கொஞ்சம் முன்னப்பின்ன விழறதத்தான் உயிருன்னு நினைக்கறவங்களுக்கு இது சும்மா இல்ல. இப்ப லாஜிக், ரீப்பர்ங்கற சாஃப்ட்வேர்ல எல்லாம் ஒரு கால் நோட்டுக்கு 960 துண்டு, அங்க இந்தக் காரணம் செத்துப்போச்சு. எஃப்எல் மட்டும் மாத்தாம விட்டா இன்னமும் 96-ல தான் இருக்கு, செட்டிங்ல போய் ஏத்திக்கலாம், ஆனா யார் போறா.

இதுவரைக்கும் எல்லாம் நல்ல செய்தி. இனிமே தான் என் புலம்பல்.

மொதல் அடி ஸ்விங்ல வாங்குனேன். 85-ல ஒரு பீட் வச்சிருந்தேன், 58 சதவீதம் ஸ்விங், தலை தானா ஆடுற மாதிரி ஒரு நடை. ரெண்டாவது பாதியில ஹாட் ரோல் போட ஆசை வந்துச்சு, சரின்னு 170-க்கு மாத்தி நோட்டெல்லாத்தையும் ரெண்டு மடங்கு இழுத்து விட்டேன், ஸ்விங் நாப் அதே 58-ல தான் நிக்குது. போட்டுக் கேட்டா பீட் செத்த பொணம் மாதிரி நேரா படுத்திருக்கு, ஹாட் ரோல் மட்டும் கல்லு தடுக்குன மாதிரி நொண்டுது. என்னடா இது, நோட்டெல்லாம் அதே இடத்துலதானே இருக்குன்னு அரை மணி நேரம் மண்டைய உடைச்சுக்கிட்டேன்.

நடந்தது இதுதான். ஸ்விங்ங்கறது என்ன, ரெண்டு ரெண்டு ஸ்டெப்பா ஜோடி சேத்து ரெண்டாவத கொஞ்சம் தள்ளி விடுறது. 50 சதவீதம்னா தள்ளலே இல்ல, 66 வந்தா கிட்டத்தட்ட ட்ரிப்லட், எம்பிசி-ல 75 வரைக்கும் போகும். 85 பிபிஎம்ல ஒரு ஜோடிக்கு 353 மில்லிசெகண்ட், நேரா இருந்தா ரெண்டாவது நோட்டு 176-ல விழணும், 58 சதவீதத்துல 205-ல விழும். ஆக 28 மில்லிசெகண்ட் லேட்டு. அந்த 28-ல தான் என் பீட்டோட மொத்த உசுரும் இருந்துச்சு. இப்ப 170-க்குப் போனதும் என்ன ஆச்சுன்னா, முன்னாடி 2-வது ஸ்டெப்ல இருந்த நோட்டு 3-க்கு வந்துருச்சு, 4-ல இருந்தது 7-க்கு, 6-ல இருந்தது 11-க்கு. எல்லாமே ஒற்றைப்படை. ஸ்விங் தொடுறது ரெட்டைப்படை ஸ்டெப்ப மட்டும்தான். அப்ப கிக்கு, ஸ்னேர், நடுவுல மெல்ல வர்ற கோஸ்ட் நோட்டு எல்லாம் ஸ்விங் கண்ணுலயே படாம தப்பிச்சுருச்சு, புதுசா போட்ட ரோல் நோட்டுங்க தான் ரெட்டைப்படையில இருக்கு, அத மட்டும் பிடிச்சு 14 மில்லிசெகண்ட் தள்ளி விட்டிருக்கு. தள்ள வேண்டியதத் தள்ளல, தள்ளக் கூடாததத் தள்ளிருச்சு.

இதுக்கு வைத்தியம் சுலபம்தான், தெரிஞ்சா. ஸ்விங்க 1/16-க்கு (ஒரு ஸ்டெப்) பதிலா 1/8 (ரெண்டு ஸ்டெப்) மேல வேலை செய்ய வைக்கணும். ஏபிள்டன் லைவ் சாஃப்ட்வேர்ல க்ரூவ் பூல்ல பேஸ்னு (Base) ஒரு செட்டிங் இருக்கும், அத 1/8 ஆக்கணும். எம்பிசி-ல டைமிங் கரெக்ட்ங்கற (Timing Correct) செட்டிங்க 1/8-ல வச்சா அங்கயும் ஸ்விங் வேலை செய்யும். ஆனா பல சாஃப்ட்வேர்ல, சின்ன மெஷின்கள்ல ஸ்விங்னா 1/16 மட்டும்தான், வேற பேச்சே கிடையாது, அங்க நோட்ட ஒவ்வொண்ணா பிடிச்சு கையால நகத்தணும். நான் அந்த பீட்டுக்கு அப்படித்தான் பண்ணேன், 28 மில்லிசெகண்ட், 28 மில்லிசெகண்ட்னு ஒவ்வொண்ணா. பண்ணி முடிச்சதும் ஒண்ணு தோணுச்சு, இந்த மாதிரி 85-லயும் 90-லயும் நடக்கற பீட்ட டபுள் பண்றதே வீண் வேலை, அதுக்கு உசுரு ஸ்விங்ல, ரோல்ல இல்ல. அப்புறம் நான் அந்த வகைய தொட்டதில்ல.

அடுத்தது டிலே, அதாவது எக்கோ. 70-ல டாட்டட் எட்டுல (முக்கால் பீட்) டிலே வச்சு பழகினவன் நான், 643 மில்லிசெகண்ட், குரல் முடியற இடத்துல அழகா எட்டிப் பாக்கும். 140-ல அதே டாட்டட் எட்டு 321 ஆயிடும், குரல் மேலயே ஏறி மிதிக்கும், அங்க டாட்டட் கால் (ஒன்றரை பீட்) போடணும். ஆர்பெஜியேட்டர், எல்எஃப்ஓ, சைட்செயின்னு டெம்போ கூட கட்டிப்போட்ட எஃபெக்ட் எல்லாத்துக்கும் இதே கதைதான். ப்ரீசெட்டு எல்லாம் யாரோ அவங்க மனசுல ஒரு டெம்போவ வச்சு செஞ்சது, உங்க 140 அவங்க 140 இல்ல. நீளமா இழுக்கற ஒரு பேட் சவுண்டு மூச்சு வாங்குற மாதிரி ஏறி இறங்குதேன்னு பாத்தா பெரும்பாலும் இதுதான் காரணம், ரேட்ட பாதியாக்குங்க, அடங்கிரும்.

பாதி வேலையில டெம்போவ மாத்துறதப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிடுறேன், ஏன்னா அதுல ஒரு ராத்திரியே போச்சு எனக்கு. டெம்போ நம்பர 70-ல இருந்து 140 ஆக்குனா மிடி நோட்டெல்லாம் (சவுண்டு இல்லாம நோட்டு விவரம் மட்டும் இருக்கறது) டபுள் வேகத்துல ஓடும், அது எல்லாருக்கும் தெரியும், எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ரெண்டு மடங்கு இழுத்துவிட்டா சரியாயிடும். மறந்துபோறது ஆட்டோமேஷன். ஃபில்டர் திறக்கற கோடு, வால்யூம் ஏத்துற கோடு எல்லாம் பழைய பார்லயே நின்னுரும், அதாவது பாட்டுல பாதி நேரத்துலயே எல்லாம் நடந்து முடிஞ்சிரும். அதவிட மோசம் வார்ப் பண்ணாம, அதாவது டெம்போவுக்கு ஏத்த மாதிரி நீட்டிச் சுருக்காம, வச்சிருந்த குரல் டேக்கு. அதோட நீளம் மாறாது, ஆனா அது 17-வது பார்ல ஆரம்பிக்கணும்னு எழுதி வச்சிருக்கறதால 140-ல 17-வது பார் வந்ததும் ஆரம்பிச்சிரும், பீட் இன்னும் இன்ட்ரோவுல நிக்கும், ஆளு பாட ஆரம்பிச்சிருப்பான். அது 33-க்குப் போகணும். ஒரு டேக்குன்னா நகத்திரலாம், என்கிட்ட இருந்தது 40 துண்டு. இப்பல்லாம் மாத்தறதா இருந்தா குரல் எடுக்கறதுக்கு முன்னாடியே மாத்திடுவேன், இல்லாட்டி மாத்தவே மாட்டேன், எதுவா இருந்தாலும் மொதல்ல வேற பேர்ல ஒரு காப்பி சேவ் பண்ணிட்டுதான் கைய வைப்பேன்.

அப்புறம் கொடுக்கல் வாங்கல். ஒரு நண்பர் பேஸ் லைன் மிடியா அனுப்பினாரு, அவரு 70-ல எழுதினது, நான் 140-ல போட்டேன், ஏதோ அணில் ஓடுற மாதிரி வந்துச்சு. நான் அவருகிட்ட "செம்ம எனர்ஜியா இருக்கு, ஆனா கொஞ்சம் ஜாஸ்தியோ"ன்னு மெசேஜ் போட, அவரு "நான் அனுப்புனது சோகப் பாட்டுக்குங்க"ன்னு பதில் போட்டாரு. ஆடியோவா வாங்கினா இந்தப் பிரச்சனை இல்ல, அதுல நேரம் நேரமாத்தான் இருக்கும். மிடி ஃபைல்ல நோட்டெல்லாம் பீட் கணக்குல தான் இருக்கும், டெம்போ தனியா ஒரு மூலையில எழுதியிருக்கும், நம்ம சாஃப்ட்வேர் அதக் கண்டுக்காம நம்ம டெம்போவுல ஓட்டிரும்.

லூப்பு வாங்கினாலும் இதே தலைவலிதான். ஃபைல் பேர்ல டெம்போ போடாத ஒரு ட்ரம் லூப்ப ஏபிள்டன் லைவ்ல இழுத்துப் போட்டா சில சமயம் 70-அ 140-ன்னு நெனச்சுக்கும், சில சமயம் தலைகீழா. அதுக்குன்னே க்ளிப்ல ரெண்டால பெருக்கற பட்டனும் ரெண்டால வகுக்கற பட்டனும் பக்கத்து பக்கத்துல வச்சிருக்காங்க, எனக்கு தேஞ்சுபோன பட்டன்னா அதுதான். சாஃப்ட்வேரத் திட்டியும் புண்ணியம் இல்ல. ஒரே பாட்டுக்கு நாலு பேர கால் தட்டச் சொன்னா ரெண்டு பேர் மெதுவா தட்டுவான், ரெண்டு பேர் வேகமா தட்டுவான், நாலு பேரும் சரிதான். டெம்போ கண்டுபிடிக்கற ப்ரோக்ராம்கள சோதிக்கற ஆராய்ச்சிக்காரங்களே ரெண்டு விதமா மார்க் போடுவாங்க, ஒண்ணு கரெக்டா சொன்னாத்தான் மார்க்கு, இன்னொண்ணு பாதியா சொன்னாலும் டபுளா சொன்னாலும் மார்க்கு. ட்ரம் அண்ட் பேஸ் பாட்டு 174-ன்னு போட்டிருக்கும், டிஜே சாஃப்ட்வேர் 87-ன்னு காட்டும், ரெண்டும் பொய் இல்ல.

வெளியில ட்ரம் மெஷின் வச்சு கம்ப்யூட்டரோட சேத்து ஓட்டுறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, மிடி க்ளாக் (ரெண்டையும் ஒரே வேகத்துல ஓட்டுற சிக்னல்) கால் நோட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும், அந்த மெஷினுக்கு உங்க மனசுல இருக்கற 70 தெரியாது, 140-ஐத்தான் பாக்கும், அதனால அதுல இருக்கற பழைய பேட்டர்ன் உங்க அரை பார்லயே முடிஞ்சு திரும்ப ஆரம்பிச்சிரும். அங்கயும் பேட்டர்ன டபுள் நீளமாக்கணும், வேற வழியில்ல.

இதெல்லாம் செட்டிங் சமாச்சாரம், பாத்து சரி பண்ணிரலாம். எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்ச விஷயம் வேற ஒண்ணு, அது எந்த செட்டிங்லயும் இல்ல. நான் எப்பவும் 4 பார் லூப் போட்டு அத ஓடவிட்டுக்கிட்டே மெலடி தேடுவேன், பழக்கம். 70-ல 4 பார்னா கிட்டத்தட்ட 13.7 செகண்ட். 140-ல 4 பார் 6.9 செகண்ட் தான். நான் 140-க்கு மாறினதுக்கு அப்புறமும் 4 பார்லயே நின்னேன், ஏன்னா திரையில பாக்க அதே 4 கட்டம், கைக்கு அதே பழக்கம். ஆனா என் மெலடியெல்லாம் பாதி நீளமாயிடுச்சு. ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கறதுக்குள்ள லூப் திரும்பிரும், அதனால கேள்வி மட்டும் இருக்கும், பதில் இருக்காது. ஒரு வருஷத்துல போட்ட பீட்ட எல்லாம் வரிசையா ஓடவிட்டுக் கேட்டப்ப தான் தெரிஞ்சுது, 140-னு பேர் வச்சிருக்கற ஒவ்வொண்ணும் ஏழு செகண்டுக்கு ஒருதடவ தலையச் சுத்தி மூக்கத் தொடுது, அதுக்கு முன்னாடி 72-லயும் 75-லயும் போட்டதெல்லாம் நிதானமா கதை சொல்லுது. சவுண்டு முன்னேறியிருக்கு, மிக்ஸ் முன்னேறியிருக்கு, பாட்டு குட்டையாயிருச்சு. டெம்போ நம்பர் பாட்ட மாத்தாதுன்னு மேல நானே பெரிய இவன் மாதிரி சொன்னேன், கேக்கறவன் காதுல மாத்தாது தான், போடுறவன் கையில மாத்திரும்.

அதுலேர்ந்து 140-ல வேலை செஞ்சா லூப்ப 8 பார்க்கு இழுத்து விட்டுட்டுதான் கீபோர்டுல கைய வைப்பேன். அத டெம்ப்ளேட்லயே சேவ் பண்ணி வச்சிட்டேன், எனக்கு என் மேலயே நம்பிக்கை கிடையாது. பாட்டுக்கு ஆள் எழுதும்போதும் இத சொல்லி ஆகணும், 16 பார்ல ஒரு வெர்ஸ் எழுதிட்டு வான்னா அவன் மனசுல 70-ல 16 பார், என் திரையில அது 32.

இப்ப நான் பெரும்பாலும் போற வழி ரெண்டுக்கும் நடுவுல. ப்ராஜெக்ட் 70-லயே இருக்கட்டும், ஹாட்டுக்கு மட்டும் வேற வேகம். எலெக்ட்ரான் கம்பெனியோட சில மெஷின்கள்ல ட்ராக் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா வேகம் வைக்கலாம், ஹாட் ட்ராக்க மட்டும் 2 மடங்குல விட்டா கட்டமும் பொடியா கிடைக்கும், கிக்கும் ஸ்னேரும் ஸ்விங்கும் அதது இடத்துல இருக்கும், க்ளிக்கும் மனுஷன் வேகத்துல அடிக்கும். எஃப்எல்ல ஒரு பீட்டுக்கு எத்தன ஸ்டெப்னு செட்டிங் இருக்கு, 4 இருக்கறத 8 ஆக்குனா 70-லயே பொடிக் கட்டம் வந்துரும், இது தெரியாம நான் எத்தன வருஷம் ஓட்டியிருக்கேன்னு சொன்னா சிரிப்பீங்க. ஆனாலும் முழுக்க முழுக்க ஹாட்டும் 808 பேஸும் தான் பாட்டேன்னா இன்னமும் 140-ல தான் திறக்கறேன், அங்க ஸ்விங்கும் இல்ல, பெருசா மெலடியும் இல்ல, கை வேகமா ஓடும்.

அந்த தம்பி கதைய பாதியில விட்டுட்டேன். மெட்ரோனோம்ல ரெண்டு பீட்டுக்கு ஒரு தட்டுன்னு மாத்த தேடினேன், அவசரத்துல எங்க இருக்குன்னு சிக்கல, கடைசியில மெட்ரோனோமையே அணைச்சுட்டு ஒரு ரிம்ஷாட் சவுண்ட எடுத்து ஒண்ணு விட்டு ஒரு பீட்ல வச்சு அதையே க்ளிக்கா அவன் ஹெட்ஃபோனுக்கு அனுப்பினேன். பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எண்ணிக் குடுக்கற கவுண்ட் இன்னயும் ஒரு பார்ல இருந்து ரெண்டு பார் ஆக்கினேன், 140-ல ஒரு பார்னா 1.7 செகண்ட் தான், மூச்சு இழுக்கவே நேரம் பத்தாது பாவம். மூணாவது டேக்ல முழுசா பாடி முடிச்சான். ஹெட்ஃபோன கழட்டி வச்சுட்டு "இப்ப வேகத்த கொறைச்சுட்டீங்களாண்ணா, இதுதான் நல்லா இருக்கு"ன்னான். ஆமா தம்பின்னுட்டேன்.